440 கேட்டால் 440 வருமா? டாக் கார்டில் துல்லியமான அதிர்வெண் எடுக்கும் வழி

கணினி கொடுக்கும் எண்களை வோல்டேஜாக மாற்றி வெளியே தரும் முனைக்கு அனலாக் அவுட்புட் என்று பெயர். டாக் கார்டு (கணினியோடு இணைத்து வோல்டேஜை அளக்கவும் வெளியே எடுக்கவும் உதவும் கருவி) மாதிரி அது உள்ள ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். 440 ஹெர்ட்ஸ் என்று தட்டுவார், ஸ்டார்ட் அழுத்துவார், அலைகாட்டியில் அழகான சைன் அலை ஓடும், வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார். பக்கத்தில் சரியான 440 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றையும் சேர்த்து ஒலிக்கவிட்டால்தான் குட்டு வெளிப்படும். இரண்டும் கலந்து ஏறி இறங்கி விம்மும். "மாஷே, ஸ்கிரீன்ல 440னுதானே இருக்கு?" என்று வாத்தியாரைக் கேட்பான் பையன். ஸ்கிரீனில் இருப்பது நாம் கேட்டது. கம்பியில் வருவது கார்டால் கொடுக்க முடிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சுருக்குவது எப்படி என்பதுதான் விஷயம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கையேடு ஆங்கிலத்தில், வகுப்பு மலையாளத்தில், மனக்கணக்கு தமிழில் என்று மூன்று மொழியில் படிப்பவர்கள் இவர்கள். எடுத்துக்காட்டுகளில் சுருதியும் கட்டையும் வருவதற்கும் ஊர்தான் காரணம். பெருவெம்பில் மிருதங்கமும் செண்டையும் செய்கிறார்கள். பாலக்காட்டில் செம்பை பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. செவி கூர்மையான ஆட்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அரை ஹெர்ட்ஸ் பிசகினால் கருவி சொல்வதற்கு முன்னால் பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிடுவார்.

என்னென்ன வேண்டும்

காசு செலவழிக்காமல் தொடங்க வேண்டுமா? லேப்டாப்பின் ஹெட்போன் துளையே ஒரு அனலாக் அவுட்புட்தான். வினாடிக்கு 48,000 அல்லது 44,100 சாம்பிள் என்று அதன் வேகம் நிலையானது. சாம்பிள் என்பது அலையின் ஒரு புள்ளிக்கான எண். கீழே வரும் கணக்கு முழுவதையும் அதிலேயே பழகலாம்.

கல்லூரி ஆய்வகத்தில் எக்ஸ்பைஸ்-17 இருந்தால் இன்னும் நல்லது. புதுடெல்லி இன்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் உருவான சின்னப் பெட்டி அது. 5 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை சைன் அலை கொடுக்கும். அதன் பைதான் கட்டளையில் எனக்குப் பிடித்த நேர்மை ஒன்று உண்டு. நீங்கள் ஓர் அதிர்வெண் கேட்டால், உண்மையில் எதை அமைத்தது என்பதைத் திருப்பிச் சொல்லும். அந்தப் பதிலை வாங்கி அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது முறையான டாக் கார்டு. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்றவை: 16 பிட், கூட்டல் கழித்தல் 10 வோல்ட், இரண்டு அனலாக் அவுட்புட். இந்தக் கட்டுரையின் கணக்குகள் 20 மெகாஹெர்ட்ஸ் டைம்பேஸ், அதாவது உள் கிளாக், உள்ள கார்டுக்கானவை. உங்களுடையது 80 அல்லது 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் எண் மாறும், வழி மாறாது.

பழைய ஆர்டுயினோ யூனோவில் அனலாக் அவுட்புட் கிடையாது. அனலாக்ரைட் என்று பெயர் வைத்திருப்பார்கள், வருவது பல்ஸ்தான். எண்ணை வோல்டேஜாக மாற்றும் எம்சிபி4725 சில்லைக் கூடச் சேர்க்கலாம் என்றாலும், ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாக வினாடிக்குப் பத்தாயிரம் சாம்பிளைத் தாண்டுவதே கஷ்டம். அதோடு யூனோவின் கிளாக் செராமிக் ரெசனேட்டர், கிரிஸ்டல் அளவுக்குத் துல்லியம் இல்லாதது. துல்லியம் தேடுகிறவருக்கு அது தோதான இடமில்லை.

பொருள்களை ஆன்லைனில் வாங்கினால் முகவரியில் பின்கோடையும் மாநிலத்தையும் இரண்டு முறை பாருங்கள். நம் பாலக்காட்டுச் சித்தூரை வெறும் சித்தூர் என்று மட்டும் எழுதினால் பார்சல் ஆந்திரத்துச் சித்தூர் வரை யாத்திரை போய்த் திரும்பும். அவசரம் என்றால் கோவைக்குப் பஸ் ஏறிவிடுவது மேல்.

எங்கே தப்புகிறது

டாக் கார்டின் உள்ளே 20 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு கிளாக் இருக்கிறது. சாம்பிள் வெளியேறும் வேகம் அந்தக் கிளாக்கை ஒரு முழு எண்ணால் வகுத்து வருவது. இரண்டரையால் வகு, நானூற்று ஐம்பத்து நாலே முக்காலால் வகு என்றெல்லாம் கேட்க முடியாது. அந்த முழு எண்ணை வகுத்தி என்போம்.

இப்போது புதியவர் போடும் கணக்கைப் பாருங்கள். ஒரு சுழற்சிக்கு 100 சாம்பிள் வைப்போம், வட்டமான எண். 440 ஹெர்ட்ஸ் வேண்டும். ஆகவே வினாடிக்கு 44,000 சாம்பிள். 2 கோடியை 44,000ஆல் வகுத்தால் 454.545 வருகிறது. முழு எண் இல்லை. கார்டு 454ஐ எடுத்துக்கொள்ளும், அல்லது 455ஐ. 454 என்றால் சாம்பிள் வேகம் 44,052.86, வெளியே வருவது 440.53 ஹெர்ட்ஸ். 455 என்றால் 439.56. நடுவில் ஒன்றும் இல்லை. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கார்டுகளை இயக்கும் டாக்எம்எக்ஸ் மென்பொருள், கேட்ட வேகம் கிடைக்காதபோது பொதுவாக மேலே உள்ள வேகத்துக்குப் போகும். பிழைச் செய்தி ஒன்றும் காட்டாது. சத்தமில்லாமல் 0.53 ஹெர்ட்ஸ் கூடிவிடும். சரியான 440உடன் சேர்த்துக் கேட்டால் சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு விம்மல்.

ஆகவே முதல் பழக்கம்: சாம்பிள் வேகத்தை அமைத்த கையோடு அதே பண்பைத் திரும்பப் படியுங்கள். லேப்வியூ, பைதான் இரண்டிலும் 'சாம்பிள் கிளாக் ரேட்' என்ற பண்பைப் படித்தால் கார்டு உண்மையில் எந்த வேகத்தில் ஓடப்போகிறது என்று தெரியும். 44,000 எழுதி 44,052.86 படித்தால், குற்றவாளி யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சுழற்சி ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

கார்டின் நினைவகத்தில் நாம் நிரப்பும் சாம்பிள் வரிசையை பஃபர் என்கிறோம். கார்டு அதைத் தலையிலிருந்து வால் வரை வெளியே தள்ளி, மறுபடி தலைக்கு வந்து, நிறுத்தச் சொல்லும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த பஃபரில் ஒரே ஒரு சுழற்சிதான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பதினொன்று இருக்கலாம், நூற்றொன்று இருக்கலாம். முழு எண்ணாக இருந்தால் போதும். அப்போது கணக்கு இப்படி ஆகிறது:

அதிர்வெண் = டைம்பேஸ் × சுழற்சிகள் ÷ (வகுத்தி × சாம்பிள்கள்)

நம் கையில் மூன்று முழு எண்கள் இருக்கின்றன. முன்பு வகுத்தி ஒன்றை மட்டும் திருகிக்கொண்டிருந்தோம்.

வகுத்தியை 500 என்று வைத்துவிடுங்கள். சாம்பிள் வேகம் சரியாக 40,000. மிச்சம் மீதி இல்லை. இப்போது 1000 சாம்பிளில் 11 சுழற்சி எழுதினால் என்ன வரும்? 40,000 × 11 ÷ 1000 = 440. புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஒரு சுழற்சிக்கு 90.909 சாம்பிள் என்று ஆகிறதே, முழு எண்ணாக இல்லையே என்று மனசு உறுத்தும். உறுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு சுழற்சியும் வேறு வேறு இடத்தில் சாம்பிள் எடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். பதினோராவது சுழற்சி முடியும் இடமும் ஆயிரமாவது சாம்பிள் முடியும் இடமும் பொருந்தினால் போதும். 11க்கும் 1000க்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாததால் ஆயிரம் சாம்பிளும் அலையின் ஆயிரம் வெவ்வேறு புள்ளிகளாக அமைகின்றன. இது கூடுதல் லாபம்.

ஹெட்போன் துளையில் பழகுகிறவர்களுக்கு: 48,000 வேகத்தில் 1200 சாம்பிளில் 11 சுழற்சி, 44,100 வேகத்தில் 2205 சாம்பிளில் 22 சுழற்சி. இரண்டும் சரியாக 440.

எல்லா அதிர்வெண்ணும் இப்படி அழகாக விழாது. நடு ஸ்தாயியில் ஒரு கட்டை, அதாவது மேற்கத்திய சி, 261.626 ஹெர்ட்ஸ். இதற்கு என்ன செய்வது? தேடுவதுதான். கணினியில் ஒரு கணக்கு ஷீட்டைத் (ஸ்ப்ரெட்ஷீட்) திறந்து முதல் நெடுவரிசையில் 1, 2, 3 என்று சுழற்சிகளை இறக்குங்கள். இரண்டாவதில், சுழற்சி × 40,000 ÷ 261.626 என்பதை அருகிலுள்ள முழு எண்ணாக்குங்கள். அது சாம்பிள் எண்ணிக்கை. மூன்றாவதில் 40,000 × சுழற்சி ÷ சாம்பிள் போட்டு உண்மையான அதிர்வெண்ணைப் பாருங்கள். ஒரு சுழற்சிக்கு 153 சாம்பிள் வரும், 261.438 ஹெர்ட்ஸ். மோசம். இறங்கிக்கொண்டே போனால் ஒன்பதாவது வரியில் 1376 சாம்பிள், 261.628 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 0.002தான். அந்த விம்மல் ஒருமுறை ஏறி இறங்க எட்டு நிமிடம் போல ஆகும். அதுவரை உட்கார்ந்து கேட்கிற பொறுமை யாருக்கும் இல்லை.

வகுத்தியைத் தேர்வு செய்யும்போது 20 மெகாஹெர்ட்ஸை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்களையே பிடியுங்கள்: 160, 200, 250, 320, 400, 500, 800. இவற்றின் சாம்பிள் வேகங்கள் முறையே 1,25,000, 1,00,000, 80,000, 62,500, 50,000, 40,000, 25,000. கணக்கு சுலபம், கார்டு திரும்பச் சொல்லும் வேகமும் எழுதிய வேகமும் ஒன்றாக இருக்கும். இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றால் பஃபரை நீட்டுங்கள். 40,000 வேகத்தில் பஃபர் 40,000 சாம்பிள் என்றால் ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளியில் எந்த முழு எண்ணும் கிடைக்கும். 4 லட்சம் என்றால் 0.1 ஹெர்ட்ஸ் இடைவெளி. ஆனால் சில கார்டுகளின் உள் நினைவகம் 8191 சாம்பிள்தான் பிடிக்கும். அதற்கு மேல் போனால் கணினி யூஎஸ்பி வழியாக ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் நடுவில் ஆன்டிவைரஸ் விழித்துக்கொண்டால் ஊட்டல் தடைபட்டுப் பிழை வரும். அதனால்தான் சின்ன பஃபரில் நல்ல பின்னத்தைத் தேடுவதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

மூட்டு

பஃபரின் வாலும் தலையும் சேரும் இடத்தில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கும்.

முதலாவது, சுழற்சி முழு எண்ணாக இல்லாதது. 40,000 வேகம், 1000 சாம்பிள் என்ற அதே அமைப்பில் ஒருவர் 440.5 ஹெர்ட்ஸுக்கான சைனைக் கணக்கிட்டு நிரப்புகிறார் என்று வையுங்கள். பஃபரில் 11.0125 சுழற்சி விழும். பஃபர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அலை குதிக்கும். 40,000 ÷ 1000 = 40, ஆகவே வினாடிக்கு 40 முறை டிக், டிக். ஒலியில் ஒரு கரகரப்பு. சரி, கரகரப்போடாவது 440.5 வருகிறதா என்றால் அதுவும் இல்லை. வினாடிக்கு 40 முறை அச்சுப் பிசகாமல் திரும்பும் எதிலும் 40இன் மடங்குகள் மட்டுமே இருக்க முடியும்: 400, 440, 480. ஆகவே அங்கே வருவது 440உம் சுற்றிலும் கொஞ்சம் குப்பையும். 440.5 அந்த பஃபரில் பிறக்கவே முடியாது.

இரண்டாவது, கடைசிச் சாம்பிளும் முதல் சாம்பிளும் ஒன்றாகிவிடுவது. பைதானின் கணக்கு நூலகமான நம்பையில் லின்ஸ்பேஸ் கட்டளை தானாகவே இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும். 0 முதல் 11 சுழற்சி வரை ஆயிரம் புள்ளி என்று கேட்டால் ஆயிரமாவது புள்ளி 11 சுழற்சி முடிந்த இடத்தில் நிற்கும். அடுத்து வரும் முதல் சாம்பிளும் அதே மதிப்பு. ஒரே மதிப்பு இரண்டு முறை. கட்டளையில் கடைசி முனை வேண்டாம் என்று சொல்லுங்கள். அல்லது சாம்பிளை 0 முதல் 999 வரை எண்ணி, 2π × 11 × எண் ÷ 1000 என்று எழுதுங்கள். 999ஆல் வகுக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் இதில் மாறாது என்றாலும் வினாடிக்கு 40 முறை ஒரு சின்ன முடிச்சு விழும், காது கண்டுபிடித்துவிடும்.

இயக்கும் வரிசை

நிரல் எந்த மொழியில் இருந்தாலும் வரிசை இதுதான். முதலில் அனலாக் அவுட்புட் சேனலைத் திறந்து வோல்ட் எல்லையைச் சொல்லுங்கள். அப்புறம் சாம்பிள் கிளாக்கை 40,000 என்றும், தொடர்ச்சியான முறை என்றும், பஃபர் அளவு 1000 என்றும் அமைத்து, வேகத்தைத் திரும்பப் படித்து அச்சிடுங்கள். பஃபரைக் கணக்கிடும்போது நீங்கள் கேட்ட வேகத்தை வைக்காமல், படித்துப் பெற்ற வேகத்தை வையுங்கள். எழுதி முடித்த பிறகுதான் ஸ்டார்ட். எழுதியதையே திரும்பத் திரும்ப ஓட்டும் ரீஜெனரேஷன் டாக்எம்எக்ஸில் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருக்கும். அதைத் தொட வேண்டாம். நிரல் ஓடி முடிந்துவிட்டால் அலையும் நின்றுபோகும், ஆகவே கடைசியில் எண்டர் அழுத்தும்வரை காத்திருக்கும் ஒரு வரி வையுங்கள்.

ஒரு லூப்பில் ஒவ்வொரு சாம்பிளாக எழுதி, நடுநடுவே ஸ்லீப் போட்டு அலை எடுக்கும் நிரல்களை நிறையப் பார்க்கலாம். விண்டோஸோ லினக்ஸோ, அந்த ஸ்லீப் சொன்ன நேரத்துக்கு எழுந்திருக்காது. மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜுக்கு அது போதும். அதிர்வெண் வேண்டுமென்றால் ஹார்ட்வேர் கிளாக் இல்லாமல் முடியாது.

0.1 வோல்ட் மாதிரிச் சின்ன அலை வேண்டுமென்றால் எண்ணைச் சுருக்காதீர்கள். 16 பிட் கார்டில் 20 வோல்ட் அகலத்துக்கு ஒரு படி 0.305 மில்லிவோல்ட், உச்சத்திலிருந்து அடிவரை 0.2 வோல்ட் என்றால் அறுநூற்றுச் சொச்சம் படிகளே கிடைக்கும். ஐந்து வோல்ட்டில் எடுத்து, வெளியே இரண்டு ரெசிஸ்டரால் பிரித்துக் குறைப்பது சுத்தம்.

ஸாவும் பாவும் ஒரே கார்டில்

இரண்டு சேனல் உள்ள கார்டின் உண்மையான ருசி இங்கேதான். இரண்டு சேனலும் ஒரே சாம்பிள் கிளாக்கில் ஓடுவதால், அவற்றின் அதிர்வெண் விகிதம் பஃபரில் உள்ள சுழற்சிகளின் விகிதம்தான். கிளாக் கொஞ்சம் வேகமாக ஓடினாலும், மெதுவாக ஓடினாலும், விகிதம் அசையாது.

பஞ்சமம் ஷட்ஜத்தைப் போல ஒன்றரை மடங்கு. 1376 சாம்பிளில் 9 சுழற்சி ஸா என்றால் பா 13.5 சுழற்சி ஆகிவிடும். முழு எண் இல்லை. பஃபரை இரட்டிப்பாக்குங்கள்: 2752 சாம்பிள், முதல் சேனலில் 18, இரண்டாவதில் 27. ஸா 261.628, பா 392.442. தம்புரா ஸ்ருதியில் நிற்பதுபோல் அசையாமல் நிற்கும்.

கீபோர்டின் ஜி ஸ்வரத்தைப் பா என்று எடுத்து 391.995 போட்டுப் பாருங்கள். ஸாவின் மூன்றாவது ஒத்திசையும் (அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் கூடவே ஒலிப்பது) பாவின் இரண்டாவது ஒத்திசையும் 0.89 ஹெர்ட்ஸ் விலகி நிற்கும். ஒத்திசைகள் உள்ள ஒலியாக, ரம்ப அலை போல எடுத்தால் இந்த விம்மல் காதில் விழும். தூய சைனில் அவ்வளவாகத் தெரியாது. சதுர அலையில் இரண்டாவது ஒத்திசை கிடையாது என்பதால் இந்தச் சோதனைக்கு ரம்ப அலையையே எடுங்கள். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கிறவரிடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினால், எது எது என்று எண்ணைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

ஓடும்போதே மாற்ற வேண்டுமென்றால்

குமிழைத் திருப்பத் திருப்ப அதிர்வெண் நழுவ வேண்டும் என்றால் பஃபர் முறை தோதுப்படாது. அப்போது கட்டத்தை (ஃபேஸ், அலை ஒரு சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) கூட்டிக்கொண்டே போகும் முறை, அதாவது டிடிஎஸ். 32 பிட் எண் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு நிலையான படியைக் கூட்டுங்கள். நிரம்பி வழிந்தால் வழியட்டும். ஒரு வழிதல்தான் ஒரு சுழற்சி. மேலே உள்ள பத்து பிட்டை எடுத்து 1024 மதிப்புள்ள சைன் அட்டவணையில் பார்த்து அனுப்புங்கள். 40,000 வேகத்தில் 440 ஹெர்ட்ஸுக்குப் படி 4,72,44,640. ஒரு படி மாறினால் அதிர்வெண் ஹெர்ட்ஸில் லட்சத்தில் ஒரு பங்குகூட மாறாது.

இதையே ஒரு சில்லுக்குள் அடைத்துத் தருவது ஏடி9833. 28 பிட், வழக்கமாக 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக், அதில் 0.093 ஹெர்ட்ஸ் இடைவெளியில் எதையும் கேட்கலாம். ஒற்றைச் சைன் போதும் என்பவர்கள் டாக் கார்டுக்குப் போகாமல் இதையே வாங்கலாம்.

வெளிப்பக்கம்

அனலாக் அவுட்புட்டில் நேராக 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். பல கார்டுகள் தருவது சில மில்லி ஆம்பியர்தான். நடுவில் எல்எம்386 மாதிரி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், அதற்கு முன்னால் 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல். அந்த சில்லு வாங்கும் இன்புட் அரை வோல்ட்டுக்கும் கீழே. கார்டின் பத்து வோல்ட்டை அப்படியே கொடுத்தால் தாங்காது.

கார்டில் எண்ணை வோல்டேஜாக மாற்றும் பகுதியான டிஏசி தருவது படிக்கட்டு அலை. 40,000 வேகத்தில் 440 எடுத்தால் 39,560இலும் 40,440இலும் நிழல்கள், அதாவது நாம் கேட்காத கூடுதல் அதிர்வெண்கள், இருக்கும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 22 நானோ ஃபாரட் கெபாசிட்டரும் போட்டால் 7.2 கிலோஹெர்ட்ஸில் வெட்டும்; இந்த வேலைக்கு அது போதும். லேப்டாப் சார்ஜர் மாட்டியிருக்கும்போது 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் அளவீடே வேண்டாம்.

இனி அளப்போம்

440 என்று கணக்கில் வந்துவிட்டது. உண்மையில் 440தானா?

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. கார்டின் அவுட்புட்டை அதே கார்டின் இன்புட்டில் கொடுத்து அளந்தால் 440.000 என்று காட்டும். எப்போதும் காட்டும். அவுட்புட்டும் இன்புட்டும் கிளாக்கைத் துடிக்க வைக்கும் ஒரே கிரிஸ்டலில் ஓடுகின்றன. கிரிஸ்டல் வேகமாக ஓடினால் அலையும் வேகமாகும், அளக்கும் நேரமும் அதே அளவு சுருங்கும். நெல்லைக் கொடுத்த படியாலேயே திரும்ப அளந்து, சரியாக இருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் இது. அளப்பதற்கு வேறு படி வேண்டும்.

கார்டின் கிரிஸ்டலுக்கு 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு என்று கையேட்டில் போட்டிருந்தால், 440 ஹெர்ட்ஸில் 0.022 ஹெர்ட்ஸ் வரை விலகலாம். சுருதிக்கு இது போதும். ஆய்வக வேலைக்குச் சில நேரம் போதாது.

வேறு படி எது? சுவரில் வரும் 50 ஹெர்ட்ஸை நம்ப வேண்டாம். நம் மின்கட்டமைப்புக்கு விதிக்கப்பட்ட எல்லையே 49.90 முதல் 50.05 வரை. பள்ளி ஆய்வகத்து இசைக்கவையும் நல்ல சாட்சி இல்லை. 256 என்று பொறித்த எஃகுக் கவை வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இறங்கும். பாலக்காட்டு மார்ச் மாத மத்தியானத்தில், 20 டிகிரியில் சரிபார்த்த கவை அரை ஹெர்ட்ஸ்கூட இறங்கியிருக்கலாம். ஆனாலும் விம்மல் கேட்டுப் பழக அது அருமையான கருவி. 40,000 வேகத்தில் 625 சாம்பிளில் 4 சுழற்சி போட்டால் சரியாக 256. கவையைத் தட்டி ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்து, பத்து விம்மலுக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பத்தை அந்த விநாடியால் வகுத்தால் வித்தியாசம் ஹெர்ட்ஸில் கிடைக்கும். கவை மேலேயா கீழேயா என்று தெரிய, அதன் ஒரு காலில் துளி மெழுகு ஒட்டுங்கள். கவையின் அதிர்வெண் இறங்கும். விம்மல் வேகமானால் கவை ஏற்கெனவே கீழே இருந்தது.

போனில் உள்ள ஸ்பெக்ட்ரம் ஆப் 4096 சாம்பிளைப் பார்க்கிறது என்றால் அது பிரித்துக் காட்டும் அதிர்வெண் கட்டம் ஒன்றின் அகலம் பத்து ஹெர்ட்ஸுக்கும் மேல். பத்து விநாடி பதிவு செய்து மொத்தமாகப் பகுத்தால்தான் 0.1 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்க முடியும்.

உண்மையான படி வானத்தில் இருக்கிறது. நியோ-6எம் மாதிரி ஜிபிஎஸ் மாட்யூல் வினாடிக்கு ஒரு பல்ஸ் தரும். அணுக் கடிகாரங்களோடு கட்டிவைத்த பல்ஸ் அது. பிசகு நானோ விநாடிக் கணக்கில்தான். ஆன்டெனாவை வானம் தெரியும் ஜன்னலில் வைத்து, மாட்யூல் நிலையைப் பிடிக்கும்வரை பொறுங்கள். அந்தப் பல்ஸை டாக் கார்டின் கவுன்டர் இன்புட்டில் கொடுத்து, இரண்டு பல்ஸ்களுக்கு நடுவில் 20 மெகாஹெர்ட்ஸ் கிளாக் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணுங்கள். சரியாக 2,00,00,000 வர வேண்டும். பத்து விநாடியாவது எண்ணிச் சராசரி எடுங்கள். அதற்கு முன் கார்டை அரை மணி நேரம் ஓட விடுங்கள். கிரிஸ்டல் சூடேறி நிலைக்க நேரம் வேண்டும்.

2,00,00,400 வருகிறது என்று வைப்போம். கிளாக் 20 பிபிஎம் வேகம். வகுத்தி 500இல் உண்மையான சாம்பிள் வேகம் 40,000.8. நம் 11க்கு 1000 தருவது 440.0088. இப்போது ஷீட்டில் 40,000 என்ற எண்ணை 40,000.8 ஆக்கி மறுபடி தேடுங்கள். நூற்றொன்றாவது வரியில் 9182 சாம்பிள் வந்து நிற்கும், அதிர்வெண் 440.0001. உள் நினைவகம் 8191தான் என்றால் இது அதைத் தாண்டுகிறது, கணினி ஊட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் இன்னும் மேல் வரிகளில் கொஞ்சம் கூடுதல் பிழையோடு ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

எண்ணிய எண்ணிக்கையையும் தேதியையும் அறை வெப்பத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கார்டின் முதுகில் ஒட்டிவையுங்கள். தை மாதத்தில் எடுத்த எண்ணும் மேட (சித்திரை) வெயிலில் எடுக்கும் எண்ணும் சில பிபிஎம் வேறுபடும். இரண்டு பருவத்துக்கும் தனித்தனிச் சீட்டு இருந்தால் நல்லது. ஐப்பசியில் சாயங்காலம் இடி தொடங்கிவிட்டால், அளவீடு பாதியில் இருந்தாலும் பரவாயில்லை, ஜன்னலில் உள்ள ஆன்டெனா வயரை முதலில் கழற்றிவிடுங்கள்.